இரண்டு இடது கை

பேரணாம்பட்டில் தைக்கிற கையுறைகள்
பெயர் வாயில் நுழையாத ஊர்களுக்குப் போகின்றன.
அங்கே பனி முழங்கால் வரைக்கும் கிடக்குமாம்.
சுகந்தி பார்த்ததில்லை.
ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து கட்டைவிரல் தைக்கிறாள்,
கட்டைவிரல் மட்டும்.
மற்ற நாலு விரலும் அடுத்த மேசை.

மார்கழி பிறந்ததும் எனக்கு ஒரு ஜோடி கொண்டுவந்தாள்,
சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு,
கழிவுப் பெட்டியிலிருந்து.
ஜோடி என்பது பேச்சுக்கு.
இரண்டும் இடது.

காலை ஐந்தே கால்.
பத்தலப்பல்லி மலையில் மூன்றாவது வளைவு வரை
ஊர்ச்சூடு கூடவே வரும்,
தெருநாய் போல.
அப்புறம் நின்றுவிடும்.

இடது கைக்கு வழி உண்டு.
கிளட்ச் பிடிக்காத நேரம் தொடைக்கடியில் செருகலாம்,
குனிந்து எஞ்சின் பக்கம் ஒரு நொடி காட்டலாம்,
கக்கத்தில் வைத்து வேட்டைக்காரன் மாதிரி போகலாம்.
வலது கை பாவம்.
ஆக்சிலேட்டரை விட்டால் மலை வண்டியைத் திரும்பக் கேட்கும்.
அதற்குத்தான் பொருந்தாத உறை:
என் கட்டைவிரல் ஆள்காட்டியோடு ஒண்டுக்குடித்தனம்,
காலியான தோல் கட்டைவிரல் அந்தப் பக்கம் தொங்கி
இறங்கி வருகிற தக்காளி லாரிக்கெல்லாம்
டாட்டா காட்டிக்கொண்டே வரும்.

செக்போஸ்ட் தாண்டினால் பெயர்ப்பலகைகள்
வட்ட வட்டமாக எழுத ஆரம்பிக்கும்.
முதல் மாதம் ரெட்டெம்மா என்னைப் பார்த்து
"சலி, சலி" என்றபோது
இருமலுக்கு மாத்திரை கேட்கிறாள் என்று நினைத்தேன்.
அவள் மொழியில் அது குளிர்.
ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.
உள்ளே இறங்கிவிட்டால் எங்கள் எழுத்து.

ஆறே முக்காலுக்கு சென்டர் மீட்டிங்.
பதினெட்டுப் பெண்கள், பாயில், முக்காடு போட்டு.
கம்பெனி போன் ரேகை கேட்டது.
வைத்தேன்.
பொருந்தவில்லை.
ஊதிவிட்டு வைத்தேன், சட்டையில் தேய்த்து வைத்தேன்,
நாலாம் தடவை
முப்பது விநாடி காத்திருக்கச் சொன்னது.
கடன் வசூலிக்க வந்தவனை
அவன் போனுக்கே அடையாளம் தெரியவில்லை.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

ரெட்டெம்மா எழுந்து வா என்றாள்.
வாசலில் பிளீச்சிங் பொடி, மிதித்துவிட்டுத்தான் உள்ளே.
புழு மனை.
சுவரில் ஒரு வெப்பமானி, மூலையில் கரி அடுப்பு.
இருபத்தைந்துக்குக் கீழே போனால் புழு இலையைத் தொடாது,
அதனால் ராத்திரி மூன்று தடவை எழுந்து கரி போடுகிறாள்.
மூன்றாம் உறக்கம் முடிந்து அவை தின்றுகொண்டிருந்தன,
தட்டுத் தட்டாக,
அடுத்த அறையில் யாரோ நோட்டு எண்ணுகிற சத்தத்தோடு.

அடுப்பின் மேல் கையை நீட்டினேன்.
சூடு வரும்போது முதலில் வலிதான் வருகிறது.
நகத்துக்கடியில் எறும்பு,
அப்புறம் ஊசி,
அப்புறம்தான் விரல்.

அதற்குள் அவள் என் உறைகளை எடுத்துப் பார்த்தாள்.
இதையும் பார்த்தாள், அதையும் பார்த்தாள்.
ஒன்றுக்குள் கையை விட்டு
கோழிக்குடலைப் புரட்டுகிற மாதிரி
முழுசாக வெளியே இழுத்தாள்.
வெள்ளை ஃபிளானல் வெளியே, கறுப்புத் தோல் உள்ளே,
அது வலது கை.
போட்டுப் பார்க்கச் சொன்னாள்.
கட்டைவிரல் போய் வீட்டில் உட்கார்ந்தது.

ரேகை பொருந்தியது.
முதல் வரியிலேயே சிவப்பில் அவள் பெயர்,
இரண்டு தவணை.
அவள் தமிழ் படிக்கமாட்டாள்.
சிவப்பு படிப்பாள்.
"கூடு வித்ததும்" என்றாள்.
சரி என்றுதான் சொன்னேன்.
'வரவில்லை' என்று எழுதிய பொத்தானை அழுத்தினேன்,
அவள் கரியில் சூடேறிய விரலால்.
மீட்டிங் முடிய எட்டரை.

திரும்புகையில் செக்போஸ்ட் போலீஸ்காரர் கேட்டார்,
என்னப்பா, ஒரு கை கறுப்பு ஒரு கை வெள்ளை?
விளக்கவில்லை.
வெயில் வந்திருந்தது, ஆனால் பேருக்கு.
ஏழாவது வளைவில்
வலது கட்டைவிரல் மட்டும் சில்லிட்டது.
நிறுத்திப் பார்த்தேன்.
புரட்டியதில் தையல் முழுக்க வெளியே தெரிந்தது,
சின்னச் சின்னதாய், ஒரே அளவில்,
அடியில் ஓர் இடத்தில் மட்டும்
இரண்டு தையல் விட்டுப்போயிருந்தது.
அதன் வழியே
காற்று வந்துகொண்டிருந்தது.